நீட்டிய செய்தித்தாள்

அன்பு மருமகளுக்கு,

இது நான் எழுதும் முதல் கடிதம். ஒவ்வொரு எழுத்தும் என் கையால் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். ஆனால் நேரில் பேச எனக்கு முகம் இல்லை.

முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தர மாணவர்களைப் பழக்கும் உன் பாடத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கச் சொல்லி, பல்கலைக்கழகக் குழுவிடம் எவ்வளவு மல்லுக்கட்டினாய். "படிக்கக் கத்துக்கிட்டவர் எங்க வீட்டுலயே இருக்கார்" என்று பெருமையாக என்னைக் கூட்டிப் போனாய்.

தலைவர் செய்தித்தாளை நீட்டி, "நாலு வரி வாசிங்க பெரியவரே" என்றார். தலைப்பை மனசுக்குள் வாசித்தும் விட்டேன். ஆனால் படிக்கத் தெரியாததை மறைக்க ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"கண்ணாடி கொண்டு வரல சார்."

"அப்ப மூக்கு மேல இருக்கிறது என்ன?" என்றார் பக்கத்தில் இருந்தவர். அறையே சிரித்தது. உன் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

வரும் வழியில், "பரவாயில்ல மாமா, விடுங்க" என்றாய். திட்டியிருந்தால்கூட இவ்வளவு குறுகியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி கூடுகிறார்களாமே. இந்தக் கடிதத்தை அங்கே நீ வாசித்துக் காட்டிவிடாதே. என்னைக் கூட்டிப் போ. சிரித்தவர்கள் முன்னால் நானே வாசிக்கிறேன்.

உன் மாமனார்