பார்டர்தான் என்றார்கள்

ஓமந்தூர்,
9.3.2025

என் பாப்பா ஆரோக்கியசெல்விக்கு,

போன் இருக்கும்போது அண்ணன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் அண்ணி ஜெசிந்தா யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது ஸ்பீக்கருக்கு ஆகாத விஷயம். அதனால் மோட்டாரைப் போட்டுவிட்டு, பஞ்சாயத்து டேங்கில் தண்ணீர் ஏறும் நேரத்தில் எழுதுகிறேன். விழுப்புரம் பஸ் கண்டக்டர் தென்னரசு கொண்டுவந்து தருவார்.

முதலில் நல்ல சேதி. போன வாரம் ஊரில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். என் வயசுக்காரர்கள் பதினோரு பேரில் ஆறு பேருக்குச் சர்க்கரை. எனக்கு மூன்று மாதச் சராசரி 6.1. பார்டர்தானாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தைந்து வாங்கினேனே, அதே மாதிரி. பார்டரானாலும் பாஸ் பாஸ்தானே? ஐம்பத்திரண்டு வயசில் இது சாதாரணமா, நீயே சொல்.

இன்னொன்று. பொங்கலிலிருந்து வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. மூலம்தான், உடம்புச் சூடு. துத்தி இலை வதக்கித் தின்றேன், நிற்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆயின்ட்மென்ட் இருந்தால் தென்னரசுவிடமே கொடுத்தனுப்பு. அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

உன் அண்ணன்,
அன்புச்செல்வன்


விழுப்புரம்,
11.3.2025

அன்புள்ள அண்ணா,

ஆயின்ட்மென்ட் அனுப்பவில்லை. மூலம் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டால் நான் எதற்கு நர்ஸ்? இரண்டு மாதமாக ரத்தம் போனால் உள்ளே என்ன என்று பார்த்தே ஆகவேண்டும். சர்க்கரை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

உன் பார்டர் பாஸும் எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போகிறது, அதனால் இன்னும் இன்னும் சுரக்கிறது என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம். அந்த அதிகப்படி இன்சுலின் குடலுக்குள் வளரக் கூடாததையும் வளர்த்துவிடலாம் என்கிறார்கள். பார்டரில் இருப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று ஆராய்ச்சிகளில் தெரிகிறது. கொஞ்சம்தான் அண்ணா. பார்டர் என்றாலே கேன்சர் என்று பயந்துவிடாதே. ஆனால் பார்டரும் ரத்தமும் சேர்ந்த ஆளை நான் சும்மா விட மாட்டேன்.

நான் வேலை செய்வதே ஸ்கோப் ரூமில்தான். பின்பக்கமாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்போம். மயக்க மருந்து கொடுப்பார்கள், அரை மணி நேர வேலை. இருபதாம் தேதிக்கு உன் பெயரைப் போட்டுவிட்டேன். வந்துவிடு.

உன் பாப்பா


ஓமந்தூர்,
13.3.2025

பாப்பா,

நீ எழுதியதைப் படித்துப் பயந்துதான் போனேன். மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே வர மாட்டேன்.

நம் தெருவில் வெள்ளை உடுப்புப் போட்ட முதல் பெண் நீ. கரும்பு வெட்டி என் தங்கையைப் படிக்கவைத்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான். உன்னைத் தெரிந்தவர்கள் நடுவிலேயே வேட்டியை அவிழ்த்துவிட்டுப் படுக்கட்டுமா? சிஸ்டருடைய அண்ணனா இவன் என்று நாலு பேர் பார்க்கவேண்டுமா? உன் மரியாதை எனக்குப் பெரிது.

ஈஸ்டர் முடியட்டும். பாண்டிச்சேரிப் பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அண்ணன்


விழுப்புரம்,
15.3.2025

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது, இரண்டாவது முறை கோபம் வந்தது. என் மரியாதையைக் காப்பாற்றிவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இந்த ரூமில் பள்ளிக்கூட வாத்தியாரும் படுத்திருக்கிறார், செங்கல் சூளைக்காரரும் படுத்திருக்கிறார். யாரையும் பார்த்து நாங்கள் சிரித்ததில்லை. டாக்டர் காந்திமதி மேடத்திடம் இன்று காலை எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். "வர்றது எங்கண்ணன், மேடம். நான் இந்த டிரெஸ் போட்டுக்கினு நிக்கிறதே அவராலதான். கூட நானே நிக்கிறேன்."

வருவதற்கு முந்தின மூன்று நாளைக்குக் கீரை, கேப்பை, மல்லாட்டை மாதிரிக் கொட்டை வகை எதுவும் கூடாது. குடலைச் சுத்தம் செய்யும் பவுடர் அனுப்பியிருக்கிறேன், எப்படிக் கரைத்துக் குடிப்பதென்று அட்டையில் எழுதியிருக்கிறேன். குடித்தபிறகு கக்கூஸை விட்டுத் தூரம் போகாதே.

அண்ணியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரில்தான்.

ஆரோக்கியசெல்வி


ஓமந்தூர்,
2.4.2025

என் பாப்பாவுக்கு,

ரிப்போர்ட்டை நீ போனில் படித்தபோது அண்ணி அழுததில் எனக்குப் பாதி காதில் விழவில்லை. நேற்று கையில் வாங்கி நானே படித்தேன். குடலுக்குள் இரண்டு பாலிப், சின்னச் சதை வளர்ச்சியாம், இரண்டையும் எடுத்தாகிவிட்டது. பெரியது கேன்சராக மாறக்கூடிய ரகம், இன்னும் மாறவில்லை. ஆயின்ட்மென்ட் கேட்டவனை நீ ஆளாக்கிவிட்டாய். மூன்று வருஷத்தில் மறுபடி வரச் சொன்னார்கள், வருவேன். கண்டதைத் தின்பதைக் குறைத்துவிட்டு நடக்கவும் ஆரம்பித்திருக்கிறேன்.

மயக்கம் தெளிந்தபோது நீ என் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாய். எனக்கு வெட்கமே வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் அந்த சிஸ்டர் யார் என்று கேட்டார். "என் தங்கச்சி" என்று நான் சொன்னது வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது டேங்க் அடியில் தண்ணீர் பிடிக்க வருகிற ஜெயம் அக்கா தொடங்கி எல்லோரிடமும் என் குடல் கதையைச் சொல்கிறேன். தங்கச்சி சொன்னாள், கேட்டேன், பிழைத்தேன் என்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்போது நீ திரும்பிக்கொண்டு, துடைத்த டிரேயையே துடைத்தாய். உன்னை எனக்குத் தெரியாதா? உனக்கு நாற்பத்தாறு வயசு. உன் சர்க்கரை எவ்வளவு? நீ எப்போது பார்த்துக்கொண்டாய்? உள்ளதை எழுது.

அண்ணன்


விழுப்புரம்,
8.4.2025

அன்புள்ள அண்ணா,

6.2. ஒன்றரை வருஷமாகத் தெரியும். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஸ்கோப்பும் பார்த்துக்கொள்ளவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய். தினமும் என்னோடு டீ குடிக்கிறவர்கள் முன்னால் எப்படிப் படுப்பது என்ற கூச்சம்தான். அதே கூச்சத்துக்குத்தான் உன்னிடம் சண்டை போட்டேன். நீ வந்து படுத்துவிட்டாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னை நினைக்க அசிங்கமாகவும் இருந்தது.

பதினைந்தாம் தேதிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். படிவத்தில் துணைக்கு வருபவர் என்று ஓர் இடம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த எங்கள் ரூம் நர்ஸ் அஸ்வினி, வீட்டுக்காரர் பெயரா என்று கேட்டாள்.

"எங்கண்ணன் பேரு எழுதும்மா. அன்புச்செல்வன்" என்றேன்.

காலை ஏழு மணிக்கு வந்துவிடு.

உன் பாப்பா