பானட்டில் விழுந்த வட்டங்கள்

10 பிப்ரவரி 2025, திங்கள்

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் ஆகியும் வீடு வீடாக இல்லை. ஹாலில் காற்றுப் போன பலூன், ஃப்ரிட்ஜில் பாதி கேக். சிந்தியா மாமியார் வீட்டிலிருந்து போன் பண்ணி, பல் தேய்க்கிற பிரஷ்ஷை மறந்துவிட்டேன் என்றாள். கல்யாணம் ஆன பெண் அம்மாவோடு பேசுகிற முதல் பேச்சு இதுதானா என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன்.

டெஸ்மண்ட் அண்ணன் கார் இன்னும் நம் கேட் முன்னால்தான் நிற்கிறது. நம்முடைய பழைய வெள்ளை வண்டியில் பெண்ணைச் சர்ச்சுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வாயைத் திறந்து கேட்கவுமில்லை. எதிர்வீட்டு மனிதர், அவராகவே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். கருநீல வண்டி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரும் மனைவி மௌரீன் அக்காவும் கல்யாணம் முடிந்த கையோடு மகன் வீட்டுக்கு மங்களூர் போய்விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமைதான் வருவார்கள்.

பூ அலங்காரம் பண்ணினவர் பானட் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறார். பூவை எடுத்தாச்சு, பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பசை போனது, அந்த இடமெல்லாம் மங்கிப்போய் நிற்கிறது. நான்தானே ரிசப்ஷனில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன், "வாங்கினதைவிட பளபளன்னு திருப்பிக் குடுப்பேன் அண்ணே" என்று. வாய் சும்மா இருக்காதே எனக்கு.

12 பிப்ரவரி, புதன்

ஸ்கூல் ஆபீஸ் விட்டதும் கம்மனஹள்ளியில் கார் சாமான் கடைக்குப் போனேன். மெழுகு என்றால் ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். டப்பாவில் கெட்டி மெழுகு, பாட்டிலில் தண்ணி மெழுகு, ஸ்ப்ரே.

கடைப் பையன் அல்ல, முதலாளியே வந்தார். சுனில் என்று சட்டையில் பெயர் இருந்தது. "ஃபர்ஸ்ட் டைமா மேடம்? அப்போ ஸ்ப்ரே எடுத்துக்கோங்க. கழுவின ஈரத்துலயே அடிச்சு, ஒரு துணியில துடைச்சு, இன்னொரு துணியில மெதுவா தேச்சா ஆச்சு. தப்பே வராது. டப்பா மெழுகுக்குக் கை பழகணும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் பக்கத்தில் ஹெல்மெட் வாங்க வந்தவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தாரா, சும்மா பார்த்தாரா, தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்ல எப்பவும் டப்பாதாங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் ஈரத்துணிதான். அதுவும் வெங்கடசாமி கையில். காலை ஆறு மணிக்கு பக்கெட்டோடு வந்து இந்தச் சந்தில் ஆறு வண்டி கழுவுகிறவர் அவர். நம் வண்டி, டெஸ்மண்ட் அண்ணன் வண்டி, இன்னும் நாலு. அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் நான் ஆஞ்சலா இல்லையே.

டப்பாவோடு வந்தேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து பதினொரு மணிக்கு ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டுக்குப் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஞாயிறு ஷிப்ட். வெங்கடசாமி ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. சந்தில் ஆள் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், ஆச்சரியப்படுத்தலாம் என்று. வெயில் சுள்ளென்று. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி பானட் முழுக்க ஒரே மூச்சில் அப்பினேன். அரை மணி காயட்டும் என்று உள்ளே போய் மீன் கழுவினேன்.

வந்து பார்த்தால் வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. துணியால் தேய்த்தேன், அசையவில்லை. தண்ணீர் ஊற்றினேன், அசையவில்லை. நாளைக்கு அண்ணன் வருகிறார். பதற்றம்... என்ன செய்கிறேன் என்று தெரியாமலா செய்தேன்? தெரிந்துதான். சிங்க்கில் கிடந்த பச்சை நாரை எடுத்துவந்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன்.

மெழுகு போய்விட்டது. நிழலில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வெயில் பட்டதும் வட்டம் வட்டமாகக் கீறல், பானட் முழுக்கச் சிலந்தி வலை.

பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். நிழலில் போடவும். வண்டி ஆறியிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிசாக. மூன்றே வரி.

டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?

17 பிப்ரவரி, திங்கள்

சாயந்திரம் வந்தார்கள். சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நூறு தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். பானட்டருகே குனிந்தார். விரலால் தடவினார்.

"என்னம்மா இது? வெங்கடசாமி என்னத்த போட்டுத் தேச்சான்?"

நான் வாயைத் திறந்தேன். "காபி குடிக்கிறீங்களா அண்ணே?" என்றேன்.

அதுதான் வந்தது வாயில். காபிதான் வந்தது.

18 பிப்ரவரி, செவ்வாய்

காலை ஆறு மணி. சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது. அண்ணன் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் மோசம். "இத்தன வருஷம் நம்பினேன். மண்ணோட தேச்சியா? நாரு போட்டியா?"

"நான் சாஃப்ட் துணி தவிர எதுவும் தொடலை சார்."

"அப்போ தானா வந்துச்சா?"

வெங்கடசாமி தலையைத் திருப்பி நம் வீட்டுப் பக்கம் பார்த்தார். நான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "நாளையிலேர்ந்து வராத" என்று அண்ணன் சொன்னது, பக்கெட் கைப்பிடி டங்கென்று விழுந்த சத்தம், இரண்டும் கேட்டது.

எட்டு மணிக்கு சந்து வாட்ஸ்அப் க்ரூப்பில் பானட் போட்டோ. "வண்டி வைத்திருப்பவர்கள் கவனம்" என்று கீழே எழுதியிருந்தார். பதினொரு பேர் வருத்தப் பொம்மை போட்டார்கள்.

நானும் போட்டேன். ஐயோ, நானும் போட்டேன்.

20 பிப்ரவரி, வியாழன்

இன்னும் நாலு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். நம் வீடு ஒன்றுதான் பாக்கி. நேற்றும் இன்றும் அவரே வரவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஓஸ்வால்ட் அரிசி எடுக்கப் போய் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நானே எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"விடு. கல்யாணத்துக்கு வண்டி குடுத்த மனுஷன். இப்போ போய்ச் சொன்னா ஆயுசுக்கும் நம்ம முகத்தைப் பார்க்க மாட்டார். வெங்கடசாமிக்கு வேற சந்து கிடைக்கும்."

என்னைக் காப்பாற்றுகிறாராம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அது நம் வீட்டு மேஜைமேல் டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே குமட்டுகிறது.

27 பிப்ரவரி, வியாழன்

அண்ணன் காரைத் துணி போட்டு மூடிவிட்டார். மூடினாலும் எனக்குத் தெரிகிறது.

4 மார்ச், செவ்வாய்

நாளைக்குச் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வலைத்தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சாமியார். செய்த பாவத்தை மடமடவென்று சொல்லிவிட்டேன். அவர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "அந்த மனிதரிடம் சொல்லிவிட்டீர்களா?"

"சொல்றேன் சாமி."

பரிகாரமாக மூன்று அருள்நிறை ஜெபம் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். முகம் தெரியாத இடத்தில் சொல்வதற்கு என்ன கஷ்டம்? பத்தடி தூரத்தில் எதிர்வீட்டு கேட். அதைத் தாண்டிக்கொண்டு சர்ச்சுவரை நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறேன் நான்.

5 மார்ச், புதன்

நெற்றியில் சாம்பலோடு மௌரீன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்து, "பொண்ணை அனுப்பிட்டு இளைச்சுப் போயிட்டியே" என்றார்கள்.

7 மார்ச், வெள்ளி

இன்று பஸ் ஸ்டாப்பில் வெங்கடசாமி. நான் பார்க்காத மாதிரி போயிருப்பேன். அவர்தான் வணக்கம் சொன்னார். பானஸ்வாடி பக்கம் இரண்டு வண்டி கிடைத்திருக்கிறதாம். இரண்டு பஸ் மாறிப் போகிறாராம்.

"வெங்கடசாமி, அந்த வண்டி... நான்தான்."

"தெரியும் மேடம்."

எப்படி என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை காலையில வந்தேனே. வண்டி பேட்ஜ் இடுக்குல, கறுப்பு ரப்பர் ஓரத்துல எல்லாம் வெள்ளையா மெழுகு நின்னுச்சு. மேடம் ஆசையா ஏதோ பண்ணியிருக்காங்க, சார் வந்தா பேசுவாரேன்னு பல்லுக்குச்சி வெச்சி மொத்தத்தையும் நோண்டி எடுத்தேன். கோடு மட்டும் போவல."

எனக்காகச் சுத்தம் பண்ணியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை அவர் கையாலேயே எடுத்திருக்கிறார்.

"அப்போ ஏன் சார்கிட்ட சொல்லலை?"

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தார். "நீங்க ஜன்னல்ல நின்னீங்க மேடம். வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, டப்பாவையும் பச்சை நாரையும் மேஜைமேல் வைத்துப் போட்டோ எடுத்தேன். க்ரூப்பில் போட்டு எழுதினேன்: "டெஸ்மண்ட் அண்ணன் வண்டியைக் கெடுத்தது நான். பிப்ரவரி 16, ஞாயிறு. வெங்கடசாமி அன்றைக்கு வரவேயில்லை. இத்தனை நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆஞ்சலா."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்த க்ரூப்பில் வெங்கடசாமி இல்லை. அவரைப் பற்றி எழுதினபோதும் இல்லை, இப்போதும் இல்லை.

யாரும் பொம்மை போடவில்லை.

8 மார்ச், சனி

ஓஸ்வால்ட் என்னோடு பேசவில்லை. பதினொரு மணிக்கு அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டிலேயே நின்றார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன் ஆஞ்சலா. கோடு பாலிஷ் போட்டா போயிடும். அந்த ஆளை நான் பேசின பேச்சு?"

அழுதேன். அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வெட்கம்தான் என்று புரிந்தது. அவர் வெட்கத்துக்கும் நான்தான் காரணம்.

"அவர் வீடு தெரியுமா உனக்கு?" என்றார். முதல் தடவையாக 'அவர்'. எனக்கும் தெரியாது. ஒன்பது வருஷமாக வண்டி கழுவுகிறார், வீடு எங்கே என்று தெரியாது.

13 மார்ச், வியாழன்

காலை ஆறு மணிக்குப் பக்கெட் சத்தம். ஜன்னலுக்கு ஓடவில்லை, வாசலுக்குப் போனேன். அண்ணன் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கூட்டிவந்திருக்கிறார். வெங்கடசாமி ஐந்து வண்டி கழுவினார். ஆறாவது நம்முடையது.

"உங்க வண்டி வேணாம் மேடம்" என்றார். கோபமாகக்கூட இல்லை.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

29 மார்ச், சனி

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். சுனில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "டப்பா தீந்துடுச்சா மேடம்?"

"இல்லைங்க. நான் ஃபர்ஸ்ட் டைம். ஸ்ப்ரே குடுங்க" என்றேன். இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நிற்கட்டும்.

இன்று காலை ஆறரைக்கு, வெயில் வருமுன், நம் பழைய வெள்ளை வண்டியைக் கழுவினேன். ஈரம் இருக்கும்போதே ஒரு கதவுக்கு மட்டும் அடித்து, துடைத்து, அது முடிந்ததும் அடுத்த கதவு. பெயின்ட் போன இடம் போன இடம்தான். மற்ற இடம் பரவாயில்லை.

வெங்கடசாமி எதிர்வீட்டுக்குப் பக்கெட்டோடு போனார். போனவர் நின்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"துணியைத் திருப்பிப் புடிங்க மேடம். அழுக்குப் பக்கத்துலயே தேச்சிக்கிட்டு இருக்கீங்க."

அவ்வளவுதான். நான் திருப்புகிறவரை நின்றார். திருப்பினேன். பக்கெட்டோடு எதிர்வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார்.