காலண்டர் தாளில் இரண்டு ஊர்

என்னை 'அம்மணி' என்று கூப்பிட்ட குரலுக்கு,

அப்பா, முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும். நாங்கள் கோயம்புத்தூருக்கே வருகிறோம்! விருந்துக்கு இல்லை, லீவுக்கு இல்லை, குடித்தனமாக. வீடு பார்த்தாயிற்று, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இன்னும் பதினோரு நாளில் லாரியில் சாமான் ஏற்றுகிறோம். நான் பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் எவ்வளவோ மாறிவிட்டது. மெட்ராஸ் இப்போது சென்னை ஆகிவிட்டது தெரியுமா? போர்டெல்லாம் மாற்றி எழுதுகிறார்கள். ஆனால் நம்ம காந்திபுரத்தில் எவன் கேட்கிறான்? பஸ் ஸ்டாண்டில் இன்னும் "மெட்ராஸ், மெட்ராஸ்" என்றுதான் கத்துகிறார்கள். அம்மா திருப்பூரில் தம்பி வீட்டில் சௌகரியமாக இருக்கிறாள். நாங்கள் வரும் சேதி கேட்டதிலிருந்து தினம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எனக்குப் போன் போடுகிறாள், அதில் பாதி நேரம் உங்களைத் திட்டத்தான்.

உங்களிடம் ரொம்ப நாளாய் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனீர்களே, நினைவிருக்கிறதா? சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது, ஒரு வாய் காபிகூடக் குடிக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். போவதற்கு முன்னால் என்னிடம் நீங்களே சொன்னீர்கள்: "ஊடு பாக்க மாட்டேன், சம்பளம் கேக்க மாட்டேன் அம்மணி. அந்த ஊட்டுத் தண்ணிய ஒரு வாய் வெச்சுப் பாப்பேன். சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்த புள்ளைய உப்புத் தண்ணிக்குக் குடுக்க மாட்டேன்."

போய்விட்டு வந்து என்ன சொன்னீர்கள்? "தண்ணி பரவால்ல கண்ணு. நல்ல மனுசங்க." அவ்வளவுதான். பெரியப்பா மட்டும் வழியெல்லாம் குதித்திருக்கிறார். "ஒரு வார்த்த பேசி முடிக்கல, அதுக்குள்ள காபிய வாங்கிக் குடிச்சுப்போட்டான். கை நனைச்சதுக்கு அப்பறம் வேண்டாமுன்னு எப்படீங்க சொல்றது?" என்று அம்மாவிடம் ஒரு மூச்சு அழுதாராம்.

கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக் கொல்லையில் அடிபம்பை அடித்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். பரவால்லயா அது! உப்புக் கண்டத்தை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. எங்கள் அப்பா எனக்கே எனக்கென்று சொன்ன ஒரே பொய் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். பதிமூன்று வருஷமாக அந்தக் கோபம் எனக்கு ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. உங்கள் படத்துக்கு மாலை போடும்போதுகூட இருந்தது. ஏன் பொய் சொன்னீர்கள்?

சரி, கதைக்கு வருகிறேன். போன மாதம் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றிலிருந்து உங்கள் மாப்பிள்ளைக்கு வேலைக்குக் கடிதம் வந்தது. அம்பத்தூரில் வாங்குவதைவிட ஐநூறு ரூபாய் குறைச்சல். இருபது நாளில் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் எதையும் அளந்து பார்க்கிற ஆள் இல்லையா, தொழிற்சாலையிலும் அதுதானே வேலை. பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் மெட்ராஸ், அந்தப் பக்கம் கோயம்புத்தூர் என்று எழுதிச் சமையல்கட்டில் ஒட்டிவிட்டார். "நல்லது எது தோணினாலும் எழுதுங்க. இருபதாம் நாள் பாத்து முடிவு பண்ணலாம்" என்றார்.

வந்ததே வினை! வீடே தேர்தல் மாதிரி ஆகிவிட்டது. நான் முதல் ஆளாய் ஓடிப் போய்க் கோயம்புத்தூர்ப் பக்கம் கொட்டை எழுத்தில் 'தண்ணீர்' என்று எழுதினேன். உங்கள் பேத்தி கவிதா மெட்ராஸ் பக்கம் 'பீச்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். நான் 'வாடகை பாதி' என்றேன். அவர் 'சம்பளம் ஐநூறு கூட' என்றார். நான் 'காய்கறி' என்றேன், 'மின்விசிறி இல்லாமல் தூக்கம்' என்றேன், 'கண்டக்டர் மரியாதையாகப் பேசுவார்' என்றேன். மெட்ராஸ் கண்டக்டர் "ஏய், உள்ள போ" என்பதற்கும் நம்ம ஊர்க் கண்டக்டர் "கொஞ்சம் உள்ள போனீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அவர் சிரித்துக்கொண்டே 'நல்ல ஆஸ்பத்திரி' என்று எழுதினார். அது நியாயம்தான் என்று நான் அடிக்கவில்லை. 'நூலகம்' என்றும் எழுதினார். அதற்கும் விட்டுக்கொடுத்தேன். மீனுக்காகவும் ஒரு வரி போனது. என்ன சொல்வது, மீன் விஷயத்தில் நான் மெட்ராஸ்காரியாகவே ஆகிவிட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன் அப்பா, மெட்ராஸும் எனக்குச் சோறு போட்ட ஊர்தான். தெருவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் நாலு வீட்டிலிருந்து ரசம் வரும். ஆனால் ஆடியில் நம்ம ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சேலைத் தலைப்பை இழுக்குமே, அதை எந்தப் பக்கத்தில் எழுதி எத்தனை ரூபாய் போடுவது?

பத்தாம் நாள் பார்த்தால், மெட்ராஸ் பக்கம் கடைசியில் அவர் கையெழுத்தில் பொடியாக ஒரு வரி: 'காலை அஞ்சு மணி'. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தினம் அஞ்சு மணிக்கு எழுந்து தெருமுனைக்கு லாரித் தண்ணீர் பிடிக்கப் போவார். பெண்கள் வரிசையில் இவர் ஒருத்தர்தான் ஆம்பிளை. 'குடத்து அண்ணன்' என்று அவர்களே பேர் வைத்துவிட்டார்கள். பிடித்து வைத்துவிட்டு டீக்கடையில் பேப்பர் படித்து அரட்டை அடித்துவிட்டு வருவார். "டீக்கடை அரட்டை போயிடுமேன்னு எழுதியிருக்கீங்களா?" என்று கிண்டல் பண்ணினேன். பேச்சை மாற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, வீட்டையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். துடியலூரில் ஒரு வீடு பார்த்தோம், தூரம் என்றார். அடுத்து சாயிபாபா காலனியில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் ஷாஜகான் பாய். உக்கடம் பக்கம் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வந்தவுடன் டீ வரவழைத்தார். இரண்டு அறை, பின்னால் முருங்கை மரம், ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரிகிறது. எனக்கு அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிடலாம் போல இருந்தது. இவர் சுவரைத் தட்டுகிறார், கதவை அசைக்கிறார்.

அட்வான்ஸ் பேச்சு வரும்போது பாய் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்க, காசு வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. தண்ணி தெனமும் வராதுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானுங்க. காத்தால அஞ்சு மணிக்கு வந்துபோட்டு ஆறரைக்கு நின்னுரும். மாடிக்கு ஏறாதுங்க, கீழ இருந்து புடிச்சுத் தூக்கிட்டுப் போகோணும். நெம்பச் சிரமமுங்க. மெட்ராசுல இருந்து வாறீங்க, நாளைக்கு ஏமாத்திப்போட்டான்னு நெனைக்கப்படாது பாருங்க."

என் உயிரே போய்விட்டது. என்ன ஊர் அப்பா இது, வாடகைக்கு விடுகிறவரே வீட்டைக் குறை சொல்கிறார்! காலண்டர் தாளில் நான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த ஒரே பெரிய காரணம் அங்கேயே உடைந்தது. உங்கள் காலத்தில் குழாயைத் திருப்பினால் கொட்டுமே, ஊர் பெருத்துப்போனதில் சிறுவாணிக்கே முறை வந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் கேட்டார்: "கீழ் குழாய் எங்க இருக்கு?"

பாய் காட்டினார். இவர் கீழே இறங்கிப் போனார். மறுபடி ஏறி வந்தார். "பதினேழு படி" என்றார். முகம் பூராவும் சிரிப்பு. "அஞ்சு மணிக்குத்தானே பாய்? நான் பிடிச்சுக்கறேன். வீட்டை எடுத்துக்கறோம்."

பாய் என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, நான் கொறைய சொல்றேன், இவரு சந்தோசப்படறாரு?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை! டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். என்ன விஷயம், சொன்னால்தான் ஆச்சு என்றேன். அப்போதுதான் சொன்னார்.

"உங்கப்பா வீடு பாக்க வந்தப்போ, கை கால் கழுவிக்கறேன்னு கொல்லைப்பக்கம் போனாரு. அடிபம்புல ஒரு கை அள்ளி வாயில வச்சாரு. மூஞ்சி அப்படியே கோணிப்போச்சு. துப்பிட்டாரு. திரும்பினா, பின்னால நான் நிக்கறேன். போச்சுடா, கல்யாணம் அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"இது குளிக்கற தண்ணிதான் சார், குடிக்கறதுக்கு லாரி வரும், காலைல அஞ்சு மணிக்கு. நான் போய் பிடிச்சுட்டு வருவேன். உங்க பொண்ணைக் குடத்தோட தெருவுல நிக்க விடமாட்டேன் சார்னு சொன்னேன்."

"அதுக்கு எங்கப்பா என்ன சொன்னாரு?"

"என்னை ஏற இறங்கப் பாத்தாரு. அப்புறம், 'கொஞ்சம் அடிங்க மாப்ள, வாயக் கொப்பளிச்சுக்கறேன்'னாரு. நான் அடிச்சேன். கொப்பளிச்சுட்டு நேரா உள்ள வந்து, எங்கம்மாகிட்ட காபி கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

அப்பா! அதற்குத்தானா கை நனைத்தீர்கள்? பெரியப்பா பாவம், கடைசிவரை தெரியாமலே குதித்தார். நானும்தான். பதிமூன்று வருஷத்தில் மழையோ காய்ச்சலோ, ஒரு நாள்கூட நான் அந்த வரிசையில் நின்றதில்லை. அரட்டைக்குப் போகிறார், அரட்டைக்குப் போகிறார் என்று வாய்க்கு வாய் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அப்போ ஏன் இங்க வர யோசிச்சீங்க?" என்றேன்.

"கோயம்புத்தூர்ல குழாயைத் திருப்பினா தண்ணின்னு நீ ஓயாம சொல்லுவ. அங்க வந்தா அவருக்குச் சொன்ன வேலை எனக்கு இல்லாம போயிடுமேன்னு ஒரு மாதிரி இருந்துச்சு. சொன்னா நீ சிரிப்ப" என்றார்.

நான் சிரிக்கவில்லை. நடு பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் வந்து, "ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா? சோடா ஏதாச்சும் வாங்கியாரட்டுங்களா?" என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுகை வந்தது. இதுவும் காலண்டர் தாளில் எழுத வேண்டியதுதான்.

தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. நான் மெட்ராஸ் பக்கத்திலிருந்த 'காலை அஞ்சு மணி'யை அடித்து, கோயம்புத்தூர்ப் பக்கம் எழுதிவிட்டேன். கவிதா 'பீச்' பக்கத்தில் 'வருஷத்துக்கு ஒரு தடவை' என்று எழுதி எங்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

நீங்கள் சொன்னதைப் பொய் என்று நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். தண்ணீர் பரவாயில்லைதான் அப்பா.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். புது வீட்டில் முதல் தண்ணீர் வரும் அன்று, அவர் எழுவதற்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன். கீழே போய் நானே குடம் வைப்பேன். பதினேழு படியும் நானே தூக்கி வந்து, சிறுவாணியில் முதல் டம்ளரை அவர் கையில் கொடுப்பேன். உங்களுக்கு அவர் கொடுத்த வாக்கை அந்த ஒரு நாள் மட்டும் நான் மீறப்போகிறேன். கோவிச்சுக்காதீங்க. அடுத்த முறையிலிருந்து குடம் அவருக்குத்தான்.

நீங்கள் காபி குடித்துக் கட்டிக்கொடுத்த மகள்,
சாந்தாமணி