என்ரை அப்பா பிரின்சிப்பல் இல்லை

மயிலிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜெயதீபன் அத்தானுக்கு,

உங்கள் பிரதீபா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். லெஸ்டரில் குளிர் கூடிவிட்டது என்று போன முறை சொன்னீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். உங்களுக்குக் காதில் குளிர் பட்டால் தலையிடி தொடங்கிவிடும், பிறகு வீட்டில் இருக்கிற எல்லோரோடும் எரிந்து விழுவீர்கள்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் சிரித்துச் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். கோபம் வந்தால் 'நெட்வேர்க் சரியில்லையப்பா, பிறகு எடுக்கிறன்' என்று வைத்துவிடுவீர்கள். வொய்ஸ் மெசேஜ் போட்டாலும் பாதி கேட்டுவிட்டு முழுக்கக் கேட்டதாகச் சாதிப்பீர்கள். கடிதத்தில் அந்த விளையாட்டெல்லாம் சரிவராது. கடைசி வரைக்கும் வாசியுங்கள். பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

முதலில் நல்ல செய்தி. இங்கிலாந்து விசாவுக்குக் கேட்கிற இங்கிலிஷ் சோதனையில் நான் பாஸ். ஓம், பாஸ்தான். இரண்டாம் தரம் கொழும்புக்குப் போனது உங்களுக்கும் தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். முந்தநாள் ஈமெயிலில் முடிவு வந்தது. ஆனால் துள்ளிக் குதிக்க முதல் மிச்சத்தையும் வாசியுங்கள். விசாவுக்கு நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அக்கா, என்ரை ஜெயந்தினி மச்சாள், என்னைக் கொக்குவிலில் கொண்டுபோய்ச் சேர்த்த வகுப்பைப் பற்றி உங்களுக்கு விவரமாகச் சொன்னதில்லை. ஜெபசீலன் மாஸ்டர் நல்ல மனுசன். தொண்டை கட்டினாலும் விடமாட்டார். கரும்பலகையில் மூன்று நிரை எழுதிப் போடுவார். முதல் நிரையில் இஃப், பட், பிகோஸ், வென். நடு நிரையில் ஐ, யூ, ஹீ, ஷீ, வீ, தே. கடைசி நிரையில் கேன், வில், மஸ்ட், மே, ஷுட். நிரைக்கு ஒன்றாக எடுத்துக் கோர்க்க வேண்டும். 'உதுதான் பிள்ளையள், வெள்ளைக்காரன் காலமை எழும்பினதிலை இருந்து படுக்குமட்டும் கதைக்கிற இங்கிலிஷ். உதைப் பிடிச்சால் மிச்சம் தானாய் வரும்' என்பார். நாங்கள் கோயிலில் தேவாரம் படிக்கிறது போலக் கூட்டாகக் கத்துவோம். இஃப் ஐ கேன், ஐ வில். பட் ஹீ மே நொட். பிகோஸ் வீ மஸ்ட்.

எனக்கு அது பிடித்துப்போனது, அத்தான். தமிழில் முடியும், வேண்டும், மாட்டேன் எல்லாம் கடைசியில்தானே வருகிறது. அதுவரைக்கும் இழுத்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, மெல்ல மாற்றிக்கொள்ளலாம். இங்கிலிஷில் யார் என்று சொன்ன கையோடு முடியுமா, வேண்டுமா, மாட்டேனா என்று சொல்லிவிட வேண்டும். பிறகு பின்வாங்க இடமில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வலையில் நண்டு கழற்றும்போதும் எனக்குள்ளே கோர்த்துக்கொண்டே இருந்தேன். என் வாயில் இங்கிலிஷ் வரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். மாஸ்டரிடம் 'மை ஃபமிலி' என்று ஒரு பந்தி இருந்தது. சில வருடங்களுக்கு முன்னர் பண்டத்தரிப்பில் இருந்து அபிகாயில் என்று ஒரு பிள்ளை அவரிடம் படித்ததாம். தன் குடும்பத்தைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு போய்ச் சொல்லி, முதல் தரத்திலேயே பாஸ் பண்ணி லண்டனுக்குப் போய்விட்டதாம். அன்றிலிருந்து அந்தப் பந்திக்கு ராசி வந்துவிட்டது. வகுப்பில் எல்லோரும் அதையே பாடமாக்க வேண்டும், ஒரு சொல்லும் மாற்றக்கூடாது. அதனால் எங்கள் எல்லோருக்கும் அப்பா ஓய்வுபெற்ற பிரின்சிப்பல். பெயர் செல்வத்துரை. வீட்டுக்கு முன்னால் றோசாத் தோட்டம். ஜிம்மி என்று ஒரு நாய். அபிகாயிலின் அப்பா இப்போதும் பண்டத்தரிப்பில் இருக்கிறாராம். பாவம் மனுசன், தனக்கு இத்தனை பெட்டையள் இருப்பது தெரியாமல் றோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்.

நான் மாஸ்டரைக் கேட்டேன், என்ரை அப்பா மீன்பிடிக்கிறவர், அதைச் சொன்னால் என்ன என்று. அவர் யோசித்தார். பக்கத்தில் நின்ற மச்சாள் யோசிக்கவில்லை. 'உது தேவையில்லாத கதை. எல்லாரும் சொல்லுறதைச் சொல்லிப்போட்டு வாரும்' என்று முடித்துவிட்டா. சோதனைக்கு முதல் கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, கதிரையில் இருந்து, என்னை நிற்க வைத்துச் சொல்லச் சொன்னா. நானும் சொன்னேன். மை ஃபாதர் இஸ் எ ரிட்டயர்ட் பிரின்சிப்பல்.

அப்பா வாசலில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் ஃபாதரும் பிரின்சிப்பலும் ஊரில் யாருக்குத் தெரியாது? மச்சாள் போன பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார், 'ஆர் பிள்ளை அந்தப் பிரின்சிப்பல்?' என்று. நான் மச்சாள் இருந்த கதிரையை உள்ளே எடுத்து வைத்தேன். அவர் வலையை ஓரமாக வைத்துவிட்டு வள்ளத்தைப் பார்த்து வருகிறேன் என்று போனார். அன்றைக்கு வாடைக்காற்று, ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளம் கரையில் ஏற்றித்தான் கிடந்தது.

கொழும்பில் நடந்ததை உங்களிடம் 'பதட்டத்திலை பிழைச்சுப்போச்சு' என்று மட்டும்தான் சொன்னேன். பதட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த வெள்ளைக்கார அம்மா நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தா. ஜிம்மி வந்ததும் அவவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முன்னால் எத்தனை ஜிம்மியைக் கண்டாவோ! பிறகு, உங்கள் அப்பா என்ன பாடம் படிப்பித்தவர் என்று கேட்டா. அவ்வளவுதான். அப்பா வாசலில் இருந்து கேட்ட கேள்விதான் காதில் கேட்டது. பெயில்.

அதற்கு நீங்கள் சமாதானம் சொன்னீர்கள், அன்பாகத்தான் சொன்னீர்கள். 'திருப்பிச் செய்யலாம், ஆனால் சொல்லித் தந்ததைச் சொல்லும், நீர் உம்மடை பாட்டுக்குக் கதைக்க வெளிக்கிடாதையும்' என்றீர்கள். சரி என்று நானும் இருந்தேன். உங்கள் சிநேகிதரின் மனைவி தாரிகா போனில் கதைக்கும்வரைக்கும் சரி என்றுதான் இருந்தேன்.

நல்ல பிள்ளை அது. நான் வந்து இறங்கியதும் கடைத்தெருவெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன் என்றது. கடைசியில் கேட்டது, 'அக்கா, உங்கடை அப்பா எந்தப் பள்ளிக்கூடத்திலை பிரின்சிப்பலா இருந்தவர்? ஜெயதீபன் அண்ணை சொன்னவர், ஆனா பள்ளிக்கூடத்தின்ரை பேர் மறந்துபோனன்' என்று.

அத்தான், வகுப்பில் நாங்கள் சொன்னது சோதனைக்கு. நீங்கள் யாருக்குச் சோதனை எழுதினீர்கள்?

நீங்கள் என்னை எங்கே கண்டீர்கள்? பிரின்சிப்பல் வீட்டு றோசாத் தோட்டத்திலா? லீவில் வந்து மச்சாள் வீட்டுக்கு நண்டு வாங்க எங்கள் துறைக்கு வந்தீர்கள். நான் வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். கெட்டித்தனம் காட்ட நீங்களும் கையை வைத்து, நண்டு உங்கள் விரலைப் பிடித்து, ஐயோ என்று கத்தினீர்கள். விரலை விடுவித்தது யார்? உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, 'தம்பிக்குப் பெரிய காயமில்லை' என்று சொன்னது யார்? என்ரை அப்பாதானே? அடுத்தநாளும் வந்தீர்கள், அதற்கடுத்த நாளும் வந்தீர்கள். மச்சாள் வீட்டில் நண்டு தின்று தின்று எல்லோருக்கும் சலித்துப்போயிருக்கும். அப்போது மணக்காத மீன் லெஸ்டருக்குப் போனதும் மணக்கத் தொடங்கிவிட்டதோ?

சண்டை நேரம் எங்களைக் கடற்கரையிலிருந்து எழுப்பி முகாமில் போட்டார்கள். அம்மா அங்கேயே செத்தா. திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை. அதற்கெல்லாம் அப்பா தலை குனிந்ததில்லை. கண்டறியாத ஒரு பிரின்சிப்பலுக்காக என் முன்னால் அவர் தலையை நிமிர்த்தாமல் இருந்தார். அதை நான் பொறுக்க மாட்டேன். உங்களுக்காகவும் பொறுக்க மாட்டேன்.

அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். இந்த முறை வேறொரு அம்மா. குடும்பத்தைப் பற்றிக் கேட்டா. மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன் என்று தொடங்கினேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது, மாஸ்டரின் மூன்று நிரையும் வரிசையில் வந்து நின்றன. காற்று அடித்தால் அவரால் போக முடியாது, ஆனால் போகத்தான் வேண்டும், ஏனென்றால் வலை கடலில் கிடக்கிறது, இழுவைப் படகு வந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லாம் சொன்னேன். பிழைகள் விட்டிருப்பேன், அதற்கென்ன. என்ன மீன் பிடிப்பார் என்று கேட்டா. நண்டுக்கு மட்டும்தான் எனக்கு இங்கிலிஷ் தெரியும், மற்றதெல்லாம் கையால் காட்டினேன். அவ பேனையை வைத்துவிட்டு, நண்டை எப்படிச் சமைப்பது என்று கேட்டா. முருங்கையிலை போடுவது வரைக்கும் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை.

வெளியே அப்பா தோய்த்து மினுக்கின வெள்ளைச் சேட்டோடு நின்றார். தேத்தண்ணிக் கடையில் வைத்து, 'என்னைப் பற்றி என்ன சொன்னனீ?' என்றார். இங்கிலிஷிலேயே சொல்லிக் காட்டினேன். 'அதுக்குள்ளை பிரின்சிப்பலைக் காணேல்லை?' என்றார். அவரை இறக்கிவிட்டாச்சு என்றேன். சிரித்துவிட்டார். தேத்தண்ணி ஆறும்வரைக்கும் இன்னொருக்கால் சொல்லு, இன்னொருக்கால் சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி என் முடிவைச் சொல்கிறேன். மச்சாள் ஏசுவா, ஏசட்டும். உங்கள் சிநேகிதர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு உங்களோடு வந்து இருக்க விருப்பம். அதில் ஒரு மாற்றமும் இல்லை, ஒவ்வொரு நாளும் அந்த நினைப்புத்தான். ஆனால் பிரின்சிப்பலின் மகளாக நான் விமானம் ஏற மாட்டேன். தாரிகாவுக்கு உண்மையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் வந்து சொல்லும்வரை வைத்திருக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. கல்யாணம் முடிந்து இத்தனை காலத்தில் 'மாமாவைக் கேட்டதாகச் சொல்லும்' என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்களே தவிர, ஒருநாளும் அவரோடு நீங்கள் நேரே கதைத்ததில்லை. ஒருக்கால் போன் எடுத்துக் கதையுங்கள். பெரிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கடல் எப்படி, மீன்பாடு எப்படி என்று கேட்டாலே போதும், மிச்சத்தை அவர் கதைப்பார். நீங்கள் கதைத்ததாக அவர் வந்து என்னிடம் சொல்லுகிற அன்றைக்கே நான் விசாவுக்கு விண்ணப்பிப்பேன்.

அவர் கரைக்கு வருகிறபோது இங்கே பொழுது விடிந்திருக்கும், உங்களுக்கு நடுச்சாமம் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் கண் முழித்திருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அத்தான். அப்பா என்னை வளர்த்தது அந்த நேரத்தில் முழித்திருந்துதான்.

அம்மன் உங்களைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காதை மூட மறக்க வேண்டாம்.

உங்கள் மனைவி,
மயிலிட்டிக் கடற்றொழிலாளி கனகலிங்கத்தின் மகள்,
பிரதீபா.