சிறப்பு விருந்தினருக்கு ஒரு நாற்காலி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ வைக்கிறாய், இல்லாவிட்டால் நான் வைக்கிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. என் மாணவர்கள் பத்துப் பேரை ஒரு நாள் முழுக்க உன் துணிக்கடையில் வேலை பார்க்க விட்டாய். நான் எடுக்கிற பாடம் உனக்குத் தெரியும். ஒரு புதுப் பொருளைத் திட்டமிட்டு, செய்து, நாலு பேர் முன்னால் வைத்து விற்க வேண்டும். முதல் நாளே எல்லாரும் "மிஸ், ஒரு ஐடியா இருக்கு" என்று வந்து நிற்பார்கள். மூட்டை கட்டி வீட்டில் வை என்பேன். ஆறு வாரம் பொருளைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தவர் வேலையை ஒரு நாள் செய்து பார்த்து, அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். வலியைச் சொன்னவர் யார் என்பதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது. சொந்தக்காரர்கள் பாராட்டினால் அது கணக்கில் சேராது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்த ஆறு வாரம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பிப்ரவரி 20 அன்று கல்லூரி அரங்கத்தில் வெளியீடு. சிறப்பு விருந்தினர் நீதான். என்ன பொருள் என்று கேட்காதே, எனக்கே இன்னும் தெரியாது. வருவேன் என்று வாக்குக் கொடு, போதும்.

உன் வாயாடி

ஜனவரி 14

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். அண்ணி முழங்காலுக்குத் தைலம் மாற்றியிருக்கிறாள், வாசனையில் நான்தான் வேறு அறைக்குப் போய்விட்டேன்.

வருகிறேன், தாயே. இது வாக்கு. உன் பிள்ளைகள் கடைக்கு வந்தது எனக்கும் பெருமைதான். நான்கு மாடிக் கடை எப்படி ஓடுகிறது என்று புத்தகத்தில் படிக்க முடியுமா? வாடிக்கையாளரை எப்படி வரவேற்பது, துணியை எப்படி உதறிக் காட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஒரு பெண் மட்டும் கேள்வி கேட்டே என் பிராணனை வாங்கினாள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன், ஏன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலிகூட இல்லையே ஏன் என்றாள். "உக்கார்ந்தா தூக்கம் வரும்மா" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

அரங்கத்துக்கு நான் பேசிவிட்டேன். கல்லூரி நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? பேச்சும் தயார். "பொருள் எதுவானாலும் முதல் வாடிக்கையாளர் நான்" என்று மேடையிலேயே அறிவிக்கப் போகிறேன். உன் மாணவர்கள் கைதட்டட்டும்.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொருள் பிறந்துவிட்டது. வரைபடம் இத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாகப் பார்த்த பிறகு இதற்கு மேல் படி.

பார்த்தாயா? கவுன்ட்டரின் உள்பக்கம் மாட்டும் ஒரு சின்ன இருக்கை. சைக்கிள் சீட்டைவிடக் கொஞ்சம் அகலம். வேண்டாதபோது மடக்கினால் பலகையோடு பலகையாக ஒட்டிக்கொள்ளும். முழுதாக உட்கார முடியாது, பாதி நின்று பாதி சாயலாம். காலில் இறங்குகிற பாரம் பாதியாகக் குறைகிறது. வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்பது போலவே தெரியும். பெயர் 'ஒத்தாசை'. வைத்தது உன் பிராணனை வாங்கிய அந்த 'ஏன்'தான். குழுத் தலைவியும் அவள்தான்.

பத்துப் பேரும் தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்ததில் ஒன்பது பேர் எழுதியது ஒரே வலி, கால். பத்தாவது ஆள் மதியமே தலைசுற்றுகிறது என்று வீட்டுக்குப் போய்விட்டவன்.

இந்தப் பொருளில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத்தான் இந்த வருடம் பாடமாக எடுக்கிறேன். சாய்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் வேறொருவர். வலி விற்பனைப் பெண்ணுக்கு, முடிவு முதலாளிக்கு. முதலாளி மனதைத் திருப்பாவிட்டால் இது வெறும் தகரம். உன்னைவிட நல்ல முதல் வாடிக்கையாளர் எங்களுக்குக் கிடைக்க மாட்டார், அண்ணா. நீ சொன்ன வாக்கை நம்பி அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிறது.

உன் வாயாடி

பிப்ரவரி 2

தங்கைக்கு,

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

கற்றுக்கொள்ளத்தான் கடையைத் திறந்துவிட்டேன், குறை கண்டுபிடிக்க அல்ல. ஊரில் இத்தனை தொழில் இருக்கும்போது உன் பிள்ளைகளுக்கு என் கடைதான் கிடைத்ததா? நான் மேடையேறி அந்தத் தகரத்தைத் திறந்து வைத்தால் அதற்கு என்ன பொருள்? இத்தனை வருடம் இவன் கடையில் பெண்களை நிற்கவைத்தே கொன்றான் என்று என் வாயாலேயே ஒப்புக்கொள்வதுதானே? ஊர் சிரிக்கும்.

துணி எடுக்க வருகிற வாடிக்கையாளர் முன்னால் விற்பவர் சாய்ந்துகொண்டிருந்தால் அது மரியாதையா? நின்றால்தான் சுறுசுறுப்பு. நானும் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் கடையில் நின்றேன். எனக்கு எவனும் முட்டுக் கொடுக்கவில்லை. நின்றதால்தான் இன்று கடை வைத்திருக்கிறேன்.

பொருளை மாற்று. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. பையோ பாட்டிலோ ஏதாவது செய்யச் சொல். வந்து திறந்து வைக்கிறேன்.

அண்ணன்

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாற்ற மாட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. உன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ சொன்ன மரியாதைக் கேள்வியை எங்கள் பிள்ளைகள் முன்பே கேட்டுக்கொண்டார்கள். ஒரு மருந்துக்கடையில் நான்கு நாள் ஒத்தாசையை மாட்டிவைத்தார்கள். வெளியே வந்த அறுபத்திரண்டு பேரிடம், உங்களுக்கு மருந்து கொடுத்தவர் நின்றாரா, உட்கார்ந்தாரா என்று கேட்டார்கள். ஐம்பத்து நான்கு பேர் நின்றார் என்றார்கள். ஆறு பேர் கவனிக்கவில்லை. மீதி இரண்டு பேர், எங்களுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். மரியாதை குறைந்ததாக ஒரு ஆள் சொல்லவில்லை, அண்ணா.

எனக்கு எவனும் முட்டுக் கொடுக்கவில்லை என்கிறாய். அதனால் நீயும் யாருக்கும் கொடுக்க மாட்டாயா? இது என்ன வீம்பு? அம்மா இருபத்திரண்டு வருடம் கவுன்ட்டரில் நின்றாள். வேலை முடிந்து வந்ததும் நீ வெந்நீர் கொண்டுவந்து வைப்பாய், நான் காலைப் பிடித்துவிடுவேன். அழுத்தின இடத்தில் என் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். "நான் கடை வெச்சா உன்ன உக்கார வெப்பேன்மா" என்றாய், அப்போது உனக்குப் பத்து வயது. சொன்னபடி செய்தாய். கல்லாவுக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி போட்டு, கடைசி வரைக்கும் அவளை அதில் உட்கார வைத்தாய். அதற்காக ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாலும் தகும். இப்போது அதில் நீ உட்கார்ந்திருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் நிற்கிறவர்கள் தெரிகிறார்களா?

சொல்லில் நம்பாவிட்டால் கண்ணால் பார். படம் ஒன்று வைத்திருக்கிறேன். உன் மூன்றாவது மாடியில் படுக்கை விரிப்புப் பிரிவில் நிற்கிற ஒரு அம்மா. பத்தொன்பது வருடம் உன்னிடம் வேலை பார்க்கிறவர். பிள்ளைகள் அளவெடுக்க வந்த அன்று, அவருடைய சாப்பாட்டு நேரத்தில், அட்டையில் செய்த மாதிரியில் சாய்ந்து பார்த்தார். அந்த முகத்தைக் கொஞ்சம் பார். அதைப் பார்த்துவிட்டு முடியாது என்று எழுத உனக்கு மனம் வராது.

உன் தங்கை

பிப்ரவரி 11

விரிவுரையாளர் அவர்களுக்கு,

படம் பார்த்தேன். நன்றி. என் அனுமதி இல்லாமல், என் கவுன்ட்டரில், என் ஊழியர். அந்த அம்மாவை நேற்றோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இனி அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

20ஆம் தேதி அரங்கம் கிடையாது. நிர்வாகக் குழுவில் சொல்லியாகிவிட்டது. அழைப்பிதழிலிருந்து என்னை எடுத்துவிடவும். விழாவைக் கைவிட்டால் அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருக்கும். நடத்தினால், உனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்று நினைத்துக்கொள்.

கடை உரிமையாளர்

பிப்ரவரி 21

அண்ணா,

விழா நடந்தது.

அதற்கு முன்னால் ஒன்று. உன் கடிதம் வந்த அன்று வகுப்பில் எழுந்து நின்று என் தப்பைச் சொன்னேன். வலியைச் சொன்னவர் யார் என்று எந்தக் காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது என்று இவர்களுக்குத் தினமும் ஓதியவள் நான். அந்த விதியை மீறி, முகத்தோடு படம் எடுத்து உறையில் போட்டு ஒட்டியவளும் நான். அண்ணன்தானே என்று நம்பினேன். "ஏன் மிஸ்?" என்று வழக்கம் போல அந்த 'ஏன்' பெண் கேட்டாள். அந்த அம்மா வீட்டுக்கும் போனேன். நான் அழுதேன், அவர் அழவில்லை. "பத்தொம்பது வருஷத்துல அந்த அஞ்சு நிமிஷம்தான்மா நல்லா இருந்துச்சு" என்றார். என்னை அவர் மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

விழாவை நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் நினைத்தேன், மறைக்கவில்லை. நிறுத்தினால் அவர் வேலை போனதுதான் மிச்சம். அதனால் நடத்தினோம். அரங்கம் இல்லாவிட்டால் என்ன? இருக்கையைச் செய்து கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரர் பட்டறையைக் காலி செய்து கொடுத்தார். உன் கடைக்குப் பின் தெரு. நேரம் மதியம் ஒன்றரை. அரங்கம் இருந்தபோது உன் வசதிக்காக மாலை ஐந்து என்று போட்டிருந்தோம். அதுவே முதல் தவறு என்று பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். கடைப் பெண்களுக்கு அரை மணிதான் இடைவேளை, அதற்குள் வந்து போக வேண்டுமே. தெருவில் இருக்கிற கடைகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். உன் கடையிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன். இந்த முறை கற்றுக்கொண்டேன்.

முதலாளிகள் மூன்று பேர் வந்தார்கள். குழுத் தலைவி 'ஏன்', திரையில் படம் போட்டு, பலகையில் எழுதி, இருபது நிமிடம் பேசினாள். மூன்று பேரும் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரத்தில் நின்ற அந்த அம்மா முன்னால் வந்தார். இருக்கையைக் கையில் எடுத்து, விரிப்பை உதறிக் காட்டுவது போலச் சட்டென்று விரித்துக் காட்டினார். "சார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உங்க கடையில பொண்ணுங்க மேல் தட்டுல இருக்கறத எடுத்துக் காட்டறாங்களா? கவனிச்சுப் பாருங்க. ஸ்டாக் இல்லன்னுதான் சொல்லுவாங்க. கால் வலிக்குது சார், அதான்" என்றார். செருப்புக் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தே நிமிடத்தில் அவர் பதினொன்று கேட்டார், மருந்துக்கடைக்காரர் நான்கு. உன்னிடம் பத்தொன்பது வருடம் விற்றவர் இல்லையா? என் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு குறிப்பெடுத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து விற்பனைப் பாடத்தை அவரைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிர்வாகக் குழுவில் நீ எதிர்த்துப் பேசு, நானும் வந்து பேசுகிறேன்.

அழைப்பிதழில் இடத்தையும் நேரத்தையும் சீட்டு ஒட்டி மாற்றினோம், உன்னை மட்டும் எடுக்கவில்லை. அச்சாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், எடுக்கக் கை வரவில்லை. பட்டறையில் முன் வரிசையில், 'சிறப்பு விருந்தினர்' என்று அட்டை ஒட்டி உனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தோம். ஒன்றரையிலிருந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின் தெருதானே, நடந்தால் மூன்று நிமிடம்.

இரண்டு மணி ஆயிற்று. கூட்டம் கலைந்தது. பேசிப் பேசிக் களைத்துப்போய் அந்த அம்மா உன் நாற்காலிக்குப் பக்கத்தில், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றேன். அட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"முதலாளி வந்துட்டா?"

"வந்தா நிக்கட்டும்" என்றேன். அவர் உட்கார்ந்தார்.

தங்கை