போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்

என் வாயாடி மகளுக்கு,

கார் ஓடுகிறது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கே வராத மனுஷன் இரண்டு வருஷம் கழித்துக் காரைப் பற்றியா எழுதுவான் என்று கேட்பாய். "வண்டி ஓடட்டும், மகள் வீட்டுக்குப் போகலாம்" என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அது ஓடாது என்ற தைரியம்தான். உனக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நானே பானெட்டைத் திறந்துவிட்டேன்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. புது பேட்டரி போட்டும் அதே 'டிக்'. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டுடுங்க சார்" என்றான். விடுவேனா? பேட்டரியிலிருந்து போகும் எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனேன். அது பாடியில் போல்ட் போட்டிருந்த இடத்தில் பளபளவென்று நீலப் பெயின்ட். போன வருஷம் அழகு பார்க்க, வயரைக் கழற்றி நானே அடித்தது. மறுநாளே வண்டி படுத்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது!

"இத்தனை கோட்டிங் அடிச்சா கரன்ட் எப்படிங்க போகும்?" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வயரை மாட்டி போல்ட்டை முறுக்கி, சாவியைத் திருப்பினேன். ஒரே உறுமல்! தெருவை மூன்று தடவை சுற்றினேன், மெக்கானிக் கடை வழியாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன். உள்ளே கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, பேத்தியை ஜன்னலில் காட்டு.

உன் பிடிவாதக்கார அப்பா