உப்பில்லாத ரசம்

டிசம்பர் 14, ஞாயிறு

கொட்டச்சேட்டில் நடந்த மருத்துவ முகாமுக்கு அம்மாவைக் காட்டத்தான் போனேன். நாளெல்லாம் காப்பிப் பழம் பறிக்கிற அவளுக்கு பிரஷர் சரியாக இருந்தது. சும்மா எனக்கும் பார்த்தார்கள். ஏறிக் கிடந்தது.

"இருபத்தெட்டு வயசுலயா? வேலை நொம்ப ஜாஸ்தியா கண்ணு?" என்று வயசான நர்ஸம்மா கேட்டார்.

படிப்பு முடிந்து ஆறு வருஷமாக எனக்கு வேலையே இல்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்துவிட்டு மத்தியானம் எழுந்திருக்கிறேன்.

"ஆமாங்க, ஒழிச்சலே இல்லீங்க" என்றாள் அம்மா.

ஊட்டுக்கு வந்து உப்பில்லாமல் ரசம் வைத்தாள்.

"உனக்கு எதுக்கும்மா பத்தியம்? உப்புப் போட்டுக்க."

"தனியா தின்னா உனக்கு இறங்காது சாமி."

சாப்பிட்டு எழுந்தவள் என் தட்டையும் கழுவக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.